மனிதவள அதிகாரி பணி: சட்டம் கேட்கும் தகுதி என்ன? வாய்ப்புகள் எங்கே?

புதுடெல்லி: இரண்டு ஆண்டுகள் படித்து, பெரும் தொகையைக் கட்டணமாகச் செலுத்தி எம்பிஏ பட்டம் பெற்ற ஒருவர், பொதுத்துறை வங்கிகளின் மனிதவள அதிகாரி தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வேளையில் தமக்குத் தகுதி இல்லை என்பதை அறிய நேரிடலாம். மதிப்பெண் குறைவு இதற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பட்டத்தில் இரண்டுக்கு மேற்பட்ட சிறப்புப் பாடங்கள் இடம்பெற்றிருந்தாலே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிடும்.

மனிதவளத் துறையில் வேலை தேடும் பலர் முதலில் படித்துவிட்டு, பின்னர் வேலைவாய்ப்பு அறிவிப்புகளைப் பார்க்கின்றனர். இத்துறையில் அது தலைகீழான வரிசை. இங்குள்ள பணியிடங்களில் ஒரு பகுதி, நிறுவனங்கள் விரும்பி உருவாக்கியவை அல்ல. சட்டத்தின் கட்டாயத்தால் உருவானவை. அவற்றுக்கான கல்வித் தகுதியையும் விதிகளே வகுக்கின்றன. அந்த விதிகளை முதலில் படித்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவருக்கே இரண்டு ஆண்டு உழைப்பு முழுப் பயன் தரும்.

நாடு முழுவதும் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துள்ள நிலையில், இப்பணிக்கான வழிகள் என்னென்ன, யாருக்கு எது பொருந்தும் என்பதை இங்கே காணலாம்.

லஞ்சத்தை ஒழிக்கப் பிறந்த பதவி

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பம்பாய் பருத்தி ஆலைகளில் வேலைக்கு ஆள் சேர்க்கும் அதிகாரம் 'ஜாபர்' எனப்பட்ட மேஸ்திரிகளிடம் இருந்தது. கல்கத்தா சணல் ஆலைகளில் அதே இடத்தில் 'சர்தார்' இருந்தார். வேலையில் சேரவும், சேர்ந்த வேலையைத் தக்கவைக்கவும் தொழிலாளர்கள் இவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கடன் கொடுப்பதும் வட்டி வாங்குவதும் பல இடங்களில் இதே நபர்தான்.

1929-ல் அமைக்கப்பட்டு, 1931-ல் அறிக்கை அளித்த தொழிலாளர் நிலை பற்றிய அரச ஆணையம் இந்த முறையைக் கடுமையாகக் குறை கூறியது. தலைவரின் பெயரால் விட்லி ஆணையம் என்று இது அழைக்கப்படுகிறது. ஆள் சேர்ப்பை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்து, நேர்மையான தொழிலாளர் அதிகாரி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1934-ம் ஆண்டின் பம்பாய் தொழில் தகராறு சமரசச் சட்டத்தின் கீழ் அரசு சார்பில் தொழிலாளர் அதிகாரி நியமிக்கப்பட்டார். ஆலை நிர்வாகங்களும் தங்கள் சார்பில் இத்தகைய அதிகாரிகளை நியமிக்கத் தொடங்கின.

இந்தியாவில் மனிதவள அதிகாரி பதவியின் வேர் இதுவே. இப்பணிக்கான கல்வி நிறுவனங்களும் அதே காலகட்டத்தை ஒட்டித் தோன்றின. இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனம் என அறியப்படும் கல்வி நிறுவனம் 1936-ல் மும்பையில் சமூகப் பணிக் கல்விக்கூடமாகத் தொடங்கப்பட்டது. ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்எல்ஆர்ஐ 1949-லும், சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952-லும், கொல்கத்தாவின் சமூக நலம் மற்றும் வணிக மேலாண்மைக்கான நிறுவனம் 1953-லும் தொடங்கப்பட்டன. மனிதவளப் பணிக்குச் சமூகப்பணிப் பட்டம் இன்றும் தகுதியாக ஏற்கப்படுவதற்கு இந்த வரலாறே காரணம்.

சட்டம் கட்டாயமாக்கும் பணியிடம்

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நல அலுவலர் நியமிக்கப்பட வேண்டும் என்று கூறியது. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இந்த வரம்பு 300 ஆக இருந்தது. சுரங்கங்களுக்கு 500 என்ற வரம்பு பின்பற்றப்பட்டது.

தற்போது நடைமுறைக்கு வந்துள்ள பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, இம்மூன்றுக்கும் ஒரே வரம்பை வகுத்துள்ளது. 250 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வழக்கமாகப் பணிபுரியும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் நல அலுவலர் நியமனம் கட்டாயமாகும். அதாவது, 250 முதல் 499 தொழிலாளர்கள் வரை உள்ள நடுத்தரத் தொழிற்சாலைகளும் இனி இந்த வரம்புக்குள் வருகின்றன. வேலை தேடுவோர் கவனிக்க வேண்டிய மாற்றம் இது.

நல அலுவலரின் கல்வித் தகுதி, கடமைகள், பணி நிபந்தனைகள் ஆகியவற்றை அந்தந்த அரசுகள் விதிகள் மூலம் வகுக்கின்றன. புதிய விதிகள் நடைமுறைக்கு வரும் வரை, சட்டத் தொகுப்புகளுக்கு முரண்படாத அளவில் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய அரசு தெரிவித்துள்ளது. எனவே எந்த மாநிலத்தில் வேலை தேடுகிறோமோ, அந்த மாநிலத்தின் நல அலுவலர் விதிகளைப் படிப்பது அவசியம்.

பொதுவாக இவ்விதிகள் மூன்றைக் கேட்கின்றன. முதலாவது, பல்கலைக்கழகப் பட்டம். இரண்டாவது, சமூக அறிவியல், சமூகப்பணி அல்லது தொழிலாளர் நலத்தில் மாநில அரசு அங்கீகரித்த பட்டம் அல்லது பட்டயம். மூன்றாவது, அத்தொழிற்சாலையின் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் பேசும் மொழியில் போதிய அறிவு.

மூன்றாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. புனே அருகேயுள்ள சாகனில் பணிபுரிய விரும்புபவருக்கு மராத்தியும், ஹரியானாவின் மானேசரில் பணிபுரிய விரும்புபவருக்கு இந்தியும் வெறும் கூடுதல் தகுதி அல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் போன்ற இடங்களில் வேலை தேடும் தமிழ் இளைஞர்களும், பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்துள்ள தொழிலாளர்களிடம் பேசும் அளவுக்கு இந்தி கற்றிருப்பது நேர்காணலில் அவர்களுக்கு வலு சேர்க்கும்.

சம்பளம் நிர்வாகத்திடம், கடமை இருதரப்புக்கும்

நல அலுவலருக்கு ஊதியம் வழங்குவது நிர்வாகம். ஆனால் அவரது கடமைகளை வகுப்பது சட்டம். தொழிலாளர்களின் குறைகளை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டு செல்வது, உணவகம், குடிநீர், கழிப்பறை, குழந்தைகள் காப்பகம் ஆகியவை முறையாக இயங்குகின்றனவா என்று கண்காணிப்பது, ஊதியத்துடன் கூடிய விடுப்பு பற்றித் தொழிலாளர்களுக்கு விளக்குவது, பாதுகாப்பு விதிகள் குறித்து நிர்வாகத்துக்கு ஆலோசனை கூறுவது ஆகியன அவற்றுள் சில.

சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் இறங்காமல் தொழிலாளர்களையும், சட்டவிரோதக் கதவடைப்பு செய்யாமல் நிர்வாகத்தையும் தடுக்க முயல்வது அவரது பொறுப்பாகும். சட்டப்படியான வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு நடைபெறும் வேளையில் அவர் நடுநிலை வகிக்க வேண்டும். தொழிலாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளை நல அலுவலர் கையாளக் கூடாது என்றும், தொழிலாளருக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் நீதிமன்றத்திலோ சமரச அலுவலர் முன்போ தோன்றக் கூடாது என்றும் பல மாநில விதிகள் கூறுகின்றன.

இந்த நடுநிலைக்குப் பாதுகாப்பும் உண்டு. பஞ்சாபில் நல அலுவலர் ஒருவரை அசோசியேட்டட் சிமெண்ட் நிறுவனம் பணியிலிருந்து விலக்கியது. 1952-ம் ஆண்டின் பஞ்சாப் நல அலுவலர் விதிகளின்படி அவர் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்தார். அவரை மீண்டும் பணியில் சேர்க்குமாறு அரசு ஆணையிட்டது. அதை எதிர்த்து நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. இத்தகைய மேல்முறையீட்டை விசாரிக்கும்போது மாநில அரசு, நீதி வழங்கும் தீர்ப்பாயமாகவே செயல்படுகிறது என்று 1964 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. பணியில் சேரும் ஒவ்வொரு நல அலுவலரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

நடைமுறையில் பல நிறுவனங்கள் ஒரே நபரை மனிதவள அதிகாரியாகவும் நல அலுவலராகவும் நியமிக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல என்பதை விண்ணப்பதாரர் அறிந்திருக்க வேண்டும். பணி நியமன ஆணையில் எந்தப் பதவிப் பெயர் எழுதப்பட்டுள்ளது என்பதைப் பார்த்த பின்னரே கையெழுத்திடுவது நல்லது.

சான்றிதழில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

பொதுத்துறை வங்கிகளுக்கான சிறப்பு அதிகாரிகளை ஐபிபிஎஸ் அமைப்பு தேர்வு செய்கிறது. பாரத ஸ்டேட் வங்கி தனியாக ஆள் சேர்ப்பதால், மற்ற 11 பொதுத்துறை வங்கிகள் இத்தேர்வில் பங்கேற்கின்றன. மனிதவள அதிகாரி பணிக்கு, பட்டப்படிப்புடன் இரண்டு ஆண்டு முழுநேர முதுநிலைப் பட்டம் அல்லது பட்டயம் தேவை. அது பணியாளர் மேலாண்மை, தொழில் உறவுகள், மனிதவளம், மனிதவள மேம்பாடு, சமூகப்பணி, தொழிலாளர் சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் இருக்க வேண்டும். வயது வரம்பு 20 முதல் 30 வரை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

மூன்று நிபந்தனைகளை விண்ணப்பதாரர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 'முழுநேர' என்ற சொல். தொலைநிலைக் கல்வியில் பெற்ற எம்பிஏ பல தனியார் நிறுவனங்களில் ஏற்கப்படலாம். ஆனால் வங்கி, பொதுத்துறை அறிவிப்புகளில் இந்தச் சொல் இருந்தால் அப்பட்டம் அங்கே பயன்படாது.

இரண்டாவது, இரட்டைச் சிறப்புப் பாடம். மனிதவளம், சந்தைப்படுத்தல் என இரண்டு சிறப்புப் பாடங்கள் இருந்தால், அவற்றுள் ஒன்று மேற்கண்ட பட்டியலில் இருப்பது போதுமானது. முதன்மைப் பாடம், துணைப் பாடம் என்று பிரிக்கப்பட்டிருந்தால், முதன்மைப் பாடம் பட்டியலில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டுக்கு மேற்பட்ட சிறப்புப் பாடங்கள் கொண்ட பட்டம் ஏற்கப்படுவதில்லை. கல்லூரியில் சேரும் முன்பே, அங்கு வழங்கப்படும் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் மாதிரியைக் கேட்டுப் பார்ப்பது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, மாநிலத் தொழிலாளர் துறையின் கீழ் சென்னையில் இயங்கும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம், தொழிலாளர் மேலாண்மையில் பட்டம் மற்றும் முதுநிலைப் பட்டப் படிப்புகளையும், தொழிலாளர் நிர்வாகத்தில் பட்டயப் படிப்பையும் வழங்கி வருகிறது. அரசு நிறுவனம் என்பதால் எளிய குடும்பத்து மாணவர்கள் கருதத்தக்க வழி இது.

அரசு, பொதுத்துறை வாய்ப்புகள்

ஐபிபிஎஸ் தேர்வில் முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்காணல் என மூன்று கட்டங்கள் உள்ளன. முதன்மைத் தேர்வு முழுவதும் துறை அறிவைச் சோதிக்கும். மற்ற சிறப்பு அதிகாரிப் பணிகளுடன் ஒப்பிட்டால் மனிதவளப் பணியிடங்கள் குறைவு. தேர்வாவோர் அதிகாரிகளின் முதல் நிலையில் சேர்கின்றனர். அடிப்படை ஊதியம் ரூ.48,480-ல் தொடங்குகிறது.

பொதுத்துறை நிறுவனங்களுக்கு வேறொரு வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு, அதாவது யுஜிசி நெட், பேராசிரியர் பணிக்கு மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் ஓஎன்ஜிசி, என்டிபிசி, பவர் கிரிட் ஆகிய நிறுவனங்கள் மனிதவள நிர்வாகிகளைத் தேர்வு செய்ய இத்தேர்வின் மதிப்பெண்ணைப் பயன்படுத்தியுள்ளன. தொழிலாளர் நலம், பணியாளர் மேலாண்மை, தொழில் உறவுகள், மனிதவள மேலாண்மை ஆகியவற்றை உள்ளடக்கிய அந்தப் பாடத்தின் குறியீட்டு எண் 55. எனவே முதுநிலைப் படிப்பின் இறுதி ஆண்டிலேயே நெட் தேர்வை எழுதிவிடுவது விவேகமானது. எந்தப் பருவத்துத் தேர்வின் மதிப்பெண் ஏற்கப்படும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனது அறிவிப்பில் தெரிவிக்கும்.

கோல் இந்தியா நிறுவனம் பணியாளர் பிரிவுக்கான மேலாண்மைப் பயிற்சியாளர்களைத் தனது கணினிவழித் தேர்வு மூலம் தேர்வு செய்துள்ளது. பயிற்சிக் காலத்தில் ஊதிய விகிதம் ரூ.50,000 முதல் ரூ.1,60,000 வரை. இத்தகைய பொதுத்துறை அறிவிப்புகள் பலவற்றில் முதுநிலைப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் கோரப்படுகிறது.

ரயில்வேயில் பணியாளர் மற்றும் நல ஆய்வாளர் என்ற பதவி உண்டு. ரயில்வே தேர்வு வாரியங்கள் இதற்கு ஆள் சேர்க்கின்றன. ஓய்வூதியம், கருணை அடிப்படையிலான பணி நியமனம், பணியாளர் குறைகள் ஆகியவற்றில் ஊழியர்களின் குடும்பங்களுடன் நேரடியாகத் தொடர்பு கொள்ளும் பணி இது.

மேசையின் மறுபுறத்திலும் வாய்ப்புகள் உள்ளன. வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் அமலாக்க அதிகாரி, உதவி ஆணையர் ஆகிய பணியிடங்களுக்கு மத்திய பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. அமலாக்க அதிகாரி பணிக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதுமானது. தொழில் உறவுகள், தொழிலாளர் சட்டங்கள், இந்தியாவில் சமூகப் பாதுகாப்பு ஆகியவை பாடத்திட்டத்தில் உள்ளதால், மனிதவளம் படித்தோருக்கு இத்தேர்வு ஏற்றது.

தனியார் துறை: முதல் வேலை எங்கே கிடைக்கும்?

தனியார் துறையில் மனிதவளப் பணி நான்கு கிளைகளாகப் பிரிந்துள்ளது. ஆள் சேர்ப்பு, ஊதியப் பட்டியல் மற்றும் சட்டப்படியான கணக்குகள், பயிற்சி, தொழில் உறவுகள் என்பன அவை. புதிதாக வருவோரில் பெரும்பாலோர் ஆள் சேர்ப்புப் பிரிவை நாடுகின்றனர். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்யும்போது முதலில் பாதிக்கப்படும் பணிகளில் ஆள் சேர்ப்புப் பணியும் ஒன்று என்பதை அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். புதிதாக ஆள் எடுக்காத நிறுவனத்துக்கு ஆள் சேர்ப்பவர் தேவைப்படுவதில்லை.

ஊதியப் பட்டியல், வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ கணக்குகளைக் கையாளும் பணி அவ்வாறானதன்று. வணிகம் நன்றாக இருந்தாலும் மந்தமாக இருந்தாலும், மாதந்தோறும் உரிய தேதிக்குள் பங்களிப்புத் தொகையைச் செலுத்தியே ஆக வேண்டும். சிறு நிறுவனங்கள் இப்பணிகளைத் தொழிலாளர் சட்ட ஆலோசகர்களிடமும் ஊதியக் கணக்கு நிறுவனங்களிடமும் ஒப்படைக்கின்றன. அத்தகைய அலுவலகத்தில் ஓராண்டு பணிபுரிபவர் பல நிறுவனங்களின் கணக்குகளைக் கையாளும் அனுபவத்தைப் பெறுகிறார். தொடக்க ஊதியம் குறைவாக இருந்தாலும், தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவுக்குள் நுழைய இந்த அனுபவம் துணை நிற்கும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை வழங்கும் நிறுவனங்களில் கள அலுவலர் பணி மற்றொரு நுழைவாயில். ஷிப்ட் மாறும் நேரத்தில் வாயிலில் நின்று வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது கடினமான பணிதான். ஆனால் தொழிற்சாலை எவ்வாறு இயங்குகிறது என்பதை வகுப்பறையைவிட அந்த வாயில் தெளிவாகக் கற்பிக்கும்.

மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2015 ஜூலையில் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளத்தில் வேலை தேடுவோர் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம்.

நேர்காணலுக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

பட்டம் நேர்காணல் வரை அழைத்துச் செல்லும். அதன் பின்னர் பெரும்பாலும் சோதிக்கப்படுவது சட்ட அறிவே. அடிப்படையான சில விவரங்கள் வருமாறு:

• வருங்கால வைப்பு நிதி: 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். தொழிலாளர், நிர்வாகம் இருதரப்பின் பங்களிப்பு பொதுவாகத் தலா 12 விழுக்காடு.

• இஎஸ்ஐ: 10 அல்லது அதற்கு மேற்பட்டோர். 2019 ஜூலை முதல் தொழிலாளர் பங்கு 0.75 விழுக்காடு, நிர்வாகத்தின் பங்கு 3.25 விழுக்காடு.

• பேறுகால விடுப்பு: முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பக வசதி தேவை.

• பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013: 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் உள் குழு அமைக்க வேண்டும். மூத்த பெண் பணியாளர் ஒருவர் அதற்குத் தலைமை வகிப்பார். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

• குறைதீர் குழு: தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் கட்டாயம்.

• நிலையாணைகள்: முன்பு 100 தொழிலாளர்கள் என்றிருந்த வரம்பு தற்போது 300.

• வேலைநிறுத்தம்: 14 நாட்களுக்கு முன் அறிவிப்பு அளிக்க வேண்டும் என்ற விதி இப்போது அனைத்துத் தொழில் நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

• கணக்குத் தீர்ப்பு: பணியிலிருந்து விலகுவோருக்கும் விலக்கப்படுவோருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தை வழங்க வேண்டும்.

இவற்றுடன், 'ஊதியம்' என்பதற்கான புதிய வரையறையைக் கணக்கிட்டுக் காட்டத் தெரிந்திருப்பது நல்லது. விலக்கு அளிக்கப்பட்ட படிகளின் கூட்டுத்தொகை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்துடன் சேர்க்கப்படும் என்பதே அவ்வரையறையின் சாரம்.

எடுத்துக்காட்டாக, மாதம் ரூ.30,000 பெறும் ஒருவருக்கு அடிப்படை ஊதியம் ரூ.12,000, வீட்டு வாடகைப்படி, பயணப்படி உள்ளிட்ட விலக்குப் பெற்ற படிகள் ரூ.18,000 என்று கொள்வோம். படிகள் பாதித் தொகையான ரூ.15,000-ஐவிட ரூ.3,000 அதிகம். அந்த ரூ.3,000 ஊதியத்துடன் சேர்ந்து, கணக்குக்குரிய ஊதியம் ரூ.15,000 ஆகிறது. ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற பணிக்கொடைக் கணக்கில், 10 ஆண்டு பணிக்கு ரூ.12,000 அடிப்படையில் சுமார் ரூ.69,231 கிடைத்திருக்கும். ரூ.15,000 அடிப்படையில் அது சுமார் ரூ.86,538. வித்தியாசம் ரூ.17,000-க்கும் மேல்.

இந்தக் கணக்கைத் தவறாகப் போடும் அதிகாரியால் ஒரு தொழிலாளி தமக்குரிய தொகையை இழக்கிறார். அல்லது நிறுவனம் அபராதத்தை எதிர்கொள்கிறது. நேர்காணல் நடத்துவோர் இதைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பணியின் கனம்

2012 ஜூலை 18 அன்று ஹரியானாவின் மானேசரில் உள்ள மாருதி சுசூகி தொழிற்சாலையில் ஏற்பட்ட வன்முறையில் மனிதவளப் பொது மேலாளர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். 2017 மார்ச்சில் குருகிராம் நீதிமன்றம் 31 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 117 பேர் விடுவிக்கப்பட்டனர். விடுவிக்கப்பட்டோரில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

தொழிற்சாலையில் சங்கம் அமைப்பது, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் நிரந்தரத் தொழிலாளர்களுக்கும் இடையிலான ஊதிய வேறுபாடு ஆகியவை குறித்து அதற்கு முந்தைய ஆண்டிலேயே அங்கு மோதல்கள் நிகழ்ந்திருந்தன. எந்தக் குறையும் வன்முறையை நியாயப்படுத்தாது. ஆனால் குறைகள் பேச்சின் கட்டத்திலேயே தீர்க்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாக நிற்கிறது. குளிரூட்டப்பட்ட அறையில் கணினி முன் அமர்ந்து பார்க்கும் வேலை என்று மட்டும் எண்ணி இத்துறைக்கு வருவோர், குறைதீர் குழு, சமரசப் பேச்சு, உள் விசாரணை ஆகியவையும் இப்பணியின் பகுதிகளே என்பதை உணர வேண்டும்.

பணம் கேட்டால்

வேலைக்குப் பணம் வாங்கும் வழக்கத்தை ஒழிக்க உருவான பதவி இது. அதே பதவியைத் தேடுவோரிடம் பணம் கேட்கும் மோசடிகள் இன்று நடைபெறுவது வேதனைக்குரியது. பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம், சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம் என்று பல பெயர்களில் தொகை கோரப்படுகிறது. பணி நியமன ஆணை போன்ற ஆவணத்தில் பெரிய நிறுவனத்தின் இலச்சினையும் இருக்கும்.

பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும், அறிவிப்பில் குறிப்பிட்ட விண்ணப்பக் கட்டணத்தைத் தவிர வேறு தொகை எதையும் கேட்பதில்லை. அக்கட்டணமும் அதிகாரப்பூர்வ இணையதளம் வழியாகவே பெறப்படும். தனிநபர் வங்கிக் கணக்குக்கோ கைபேசி எண்ணுக்கோ அனுப்பச் சொல்வது மோசடியே. தனியார் நிறுவனத்தின் பெயரில் ஆணை வந்தால், அந்நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும். பணத்தை இழந்தோர் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

எந்த வரிசையில் தொடங்குவது?

படிப்பில் சேரும் முன், விரும்பும் பணியின் கடந்த ஆண்டு அறிவிப்பையும், பணிபுரிய விரும்பும் மாநிலத்தின் நல அலுவலர் விதிகளையும் படிக்க வேண்டும். அவற்றில் உள்ள பட்டப் பெயரும், கல்லூரி வழங்கும் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இறுதி ஆண்டில் நெட் தேர்வை எழுதலாம். படிப்பு முடிந்தபின் ஓராண்டேனும் ஊதியப் பட்டியல் அல்லது தொழிற்சாலைக் களப்பணியில் அனுபவம் பெறலாம். இடையே, பணிபுரிய விரும்பும் ஊரின் தொழிலாளர்கள் பேசும் மொழியைக் கற்கத் தொடங்கலாம்.

வேலை கிடைத்தபின் முதல் நாளன்று கேட்டுப் பெற வேண்டியது பணி நியமன ஆணை. அனைத்துத் தொழிலாளர்களுக்கும் பணி நியமன ஆணை வழங்குவதைப் புதிய சட்டத் தொகுப்பு கட்டாயமாக்கியுள்ளது. பிறருக்கு அந்த ஆணையை எழுதிக் கொடுக்கப் போகும் அதிகாரி, முதலில் தமக்குரியதைப் படித்துப் பார்த்துப் பெற்றுக்கொள்வதே முறை.